லண்டனில் அச்சான என் கதைகள்

என் சிறுகதைத் தொகுப்பை லண்டன் பதிப்பகம் ஒன்று என்னைக் கேட்காமலே அச்சிட்டு, அங்கேயே விற்கிறது. மதுரையில் வழக்குப் போடலாமா?

உரிமை உங்களுடையதுதான், கவலை வேண்டாம். இந்தியாவும் பிரிட்டனும் பெர்ன் உடன்படிக்கை நாடுகள். அங்கே பதிவு செய்யாவிட்டாலும் உங்கள் பதிப்புரிமை செல்லும். ஆனால் மீறல் நடந்த நாட்டின் சட்டமே இதற்குப் பொருந்தும். ஆகவே லண்டனில் வழக்குப் போடுவதே நல்லது. வென்றால் அங்கேயே வசூலிக்கலாம். செலவை நினைத்து மலைக்காதீர்கள். அங்குள்ள அறிவுசார் சொத்து நீதிமன்றத்தில் 10,000 பவுண்டு வரையிலான கோரிக்கைகளுக்குச் சிறு வழக்குப் பிரிவு உண்டு, வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். முதலில் புத்தகத்தில் ஒரு பிரதி வாங்கி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்து நோட்டீஸ் அனுப்புங்கள். அந்தப் பிரதிகள் இந்தியாவில் விற்பனைக்கு வந்தால் நிலைமை வேறு: 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 62-வது பிரிவுப்படி, நீங்கள் வசிக்கும் மதுரையின் மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம்.