அப்பத்தா பெட்டியில் ஒரு ஈர்கோலி

ஓடு மாற்றுவதற்காகப் பழைய வீட்டைக் காலி செய்தபோது அட்டாலியிலிருந்து அப்பத்தாவின் தகரப் பெட்டி இறங்கியது. பத்திரம் ஏதாவது இருக்குமென்று திறந்தேன். இருந்தது ஒரு எருமைக் கொம்புச் சீப்பு, ஒரே வளையத்தில் கோத்த முள்வாங்கியும் குறும்பிவாங்கியும், ரசம் போன கண்ணாடி, துணியில் சுற்றிய ஒரு ஈர்கோலி. ஈருளி, ஈர்வலி என்றும் சொல்வார்கள். விரல் நீள மரத்துண்டு; முனையில் நூல் நுழையும் அளவுக்கு இடுக்கு இடுக்காக அறுத்த பற்கள். அந்தக் காலத்தில் சந்தையில் ஊசி, பாசிமணி விற்பவர்களிடம் கிடைக்கும்.

முள்வாங்கியை அன்றைக்கே நான் எடுத்துக்கொண்டேன். வேலிமுள் அள்ளுகிற எனக்கு அதைவிட உபயோகமான கருவி வேறில்லை. ஈர்கோலியை மட்டும் தூக்கிப்போடப் போனேன். அம்மாதான் தடுத்தது.

காரணம் இருந்தது. நாலாவது படிக்கும் எங்கள் பாப்பாவுக்கு இரண்டு மாதமாகத் தலை நிறையப் பேன். சொறிந்து சொறிந்து பிடரியில் புண். கடையில் ஒரு லோஷன் வாங்கித் தேய்த்தோம். பத்து நாள் சும்மா இருந்தது, மறுபடியும் வந்தது. மறுபடியும் தேய்த்தோம். அன்றைக்கு அந்தக் குப்பியை எடுத்து என்னதான் எழுதியிருக்கிறது என்று படித்தேன். பெர்மெத்ரின், 1 சதவீதம்.

எனக்குச் சுருக்கென்றது. கத்தரியில் காய்த்துளைப்பானுக்கு முன்பு நான் கைத்தெளிப்பானில் அடித்த சைபர்மெத்ரினும் இதுவும் ஒரே குடும்பம். இரண்டும் செயற்கைப் பைரெத்ராய்டுகள். விஷயத்தைச் சொன்னதும் அம்மா கேட்டது: “ஏங்கண்ணு, செடிக்கே ஆவாதுன்னு நிறுத்துனத புள்ள மண்டையிலயா தேய்க்கற?”

டாக்டர்களும் எழுதித் தருகிற மருந்துதான், அளவாகப் போட்டால் ஆபத்தில்லை என்கிறார்கள். அதில் நான் சண்டைக்குப் போகவில்லை. என் கேள்வி வேறு: ஏன் மறுபடி மறுபடி வருகிறது? வயலில் இதற்குப் பதில் நமக்குத் தெரியும். 1987-ல் ஆந்திராவின் கடலோர மாவட்டங்களில் பருத்தியின் பச்சைக்காய்ப்புழு இதே வகை மருந்துகளுக்கு அடங்காமல் போனது. பேனிலும் பெர்மெத்ரினுக்கு எதிர்ப்புத் திறன் வந்திருப்பதைப் பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள். இன்னொன்று, இந்த மருந்து பேனைக் கொல்லும். ஈரை முழுக்கக் கொல்லாது. தாய்ப்பூச்சியை மட்டும் அடித்துவிட்டு முட்டையை இலையிலேயே விட்ட கதைதான்.

பேனின் கணக்கைப் புரிந்துகொண்டால் ஈர்கோலியின் வேலை புரியும். பேன் பறக்காது, குதிக்காது. தலையும் தலையும் ஒட்டும்போது ஊர்ந்து ஏறும். தலையை விட்டு இறங்கினால் இரண்டு நாளுக்கு மேல் தாங்காது. அதனால் வீடு முழுக்க மருந்தடிக்கிற வேலை வீண். பெண் பேன் முடியின் அடியில், தோலை ஒட்டி, பசை வைத்து ஈரை ஒட்டும். ஒரு வாரம் பத்து நாளில் அது பொரியும். இன்னும் ஒரு வாரம் பத்து நாளில் வளர்ந்து தானும் ஈர் வைக்கும். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவு வளர்வதால், நுனிப்பக்கம் தெரிகிற வெள்ளை ஈர் பெரும்பாலும் பொரித்த கூடு. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் தோலை ஒட்டி இருப்பதுதான் சரக்கு.

ஆக, குஞ்சுப்பேன் ஈர் வைக்கும் வயதுக்கு வருமுன் ஒவ்வொரு முறையும் வாரிவிட வேண்டும். 3 நாளுக்கு ஒருமுறை, விடாமல் 2 வாரம். கடைசியாகப் பார்க்கும்போது உயிருள்ள பேன் கண்ணில் பட்டால் அங்கிருந்து மறுபடி 2 வாரம். பேனுக்கு மருந்தை எதிர்க்கத் தெரியும், இடுக்கை எதிர்க்கத் தெரியாது.

அம்மா செய்த விதம் இது. தலை நனைய தேங்காய் எண்ணெய். கொம்புச் சீப்பால் சிக்கெடுத்து, வெள்ளைத் துணியை மடியில் விரித்து, முடியைச் சிறு சிறு கற்றையாகப் பிரித்தது. ஒவ்வொரு கற்றையையும் வேரடியில் ஈர்கோலியின் இடுக்கில் கொடுத்து, கட்டை விரலால் அமுக்கி நுனிவரை இழுத்தது. காய்ந்த தலையில் இழுத்தால் பிள்ளை அலறும்; முதல் நாள் நான் அப்படி இழுத்து வாங்கிக்கட்டிக்கொண்டேன். முதல் தடவை ஒன்றரை மணி நேரம் ஆனது. துணியில் எண்ணினோம்: 41 பேன். நாலாவது தடவை 3. ஆறாவது தடவை ஒன்றுமில்லை. வீட்டில் எல்லோர் தலையையும் சேர்த்தே பார்த்தோம், இல்லையென்றால் சுற்றிச் சுற்றி வரும். மரத்தை வெந்நீரில் போட்டால் பிளந்துவிடும், கழுவித் துடைத்துத் தனியாக வைத்தால் போதும்.

எண்ணெயை எடுக்க அரப்பு. அரப்பு பேனைக் கொல்லும் என்று சொல்ல மாட்டேன். தழையில் உள்ள சபோனின் பிசுக்கை எடுக்கும், வடிகஞ்சியில் கரைத்தால் முடி வழவழவென்று சீப்புக்கு வழிவிடும். கண்ணில் பட்டால் எரியும். பிரச்சினை என்னவென்றால், எங்கள் வரப்பில் நின்ற இரண்டு ஊஞ்ச மரங்களையும், உசிலை என்பீர்களே அதைத்தான், நிலம் சமன் செய்தபோது நானே வெட்டினேன். நிழல் விழுகிறது என்று அப்போது பெரிய நியாயம் பேசினேன். கடைப்பொட்டலம் பச்சை மண் மாதிரி இருந்தது. பக்கத்துத் தோட்டத்தில் கேட்டுத் தழை ஒடித்து, நிழலில் காயவைத்து, இடித்துச் சலித்தோம்.

மிஞ்சிய தழை பயிருக்குப் போனது. 2 கிலோ தழையை அரைத்து நீர்விட்டு 5 லிட்டராக்கி, 5 லிட்டர் புளித்த மோர் ஊற்றி, 7 நாள் ஊறவைத்தால் அரப்பு மோர் கரைசல். 10 லிட்டர் தண்ணீருக்கு 1 லிட்டர். பூக்கும் நேரத்தில் கத்தரிக்குத் தெளித்தேன். பூ நன்றாகப் பிடித்தது.

பாப்பா வகுப்பில் இன்னும் மூன்று பிள்ளைகளுக்குப் பேன். அவர்கள் அம்மாக்கள் ஈர்கோலி கேட்டு வந்தார்கள். சந்தையில் நெருக்கமான பல் உள்ள எஃகுச் சீப்பு கிடைத்தது, அதுவும் வேலை செய்கிறது. மரத்தில் ஒன்று செய்து தரும்படி எங்கள் ஆசாரியிடம் மாதிரியைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இம்புட்டு மெல்லிசா அறுக்கற ரம்பம் எங்கிட்ட இல்லீங்களே, எங்கய்யன்கிட்ட இருந்துச்சு” என்றார். தேடிப் பார்க்கிறேன் என்றிருக்கிறார். அதுவரை அப்பத்தாவினுடையதுதான் வீடு வீடாகப் போய் வருகிறது. திரும்பி வந்தால் இரண்டு நாள் தனியாக வைத்துவிட்டுத்தான் எடுக்கிறோம்.