மலைநாட்டு மரத் தேவாலயங்கள்



மரவேலை என்றாலே நமக்குத் தக்கலை அருகேயுள்ள பத்மநாபபுரம் அரண்மனைதான் நினைவுக்கு வரும். தேவாலயத்தையே மரத்தால் கட்டியவர்களும் உண்டு. போலந்து, உக்ரைன் நாடுகளின் கார்பேத்திய மலைப்பகுதியில், 16 முதல் 19-ஆம் நூற்றாண்டு வரை ஆர்த்தடாக்ஸ், கிரேக்கக் கத்தோலிக்க மக்கள் கட்டியவை அவை. அவற்றில் 16 ஆலயங்களை யுனெஸ்கோ 2013-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

கட்டும் முறை எப்படி? தடிகளைப் படுக்கையாக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். மூலையில் வெட்டுக் கொடுத்து ஒன்றோடொன்று கோத்துவிடுவார்கள். அந்த மூலைக்கு ஆணி தேவையில்லை. கூரையில் ஓட்டுக்குப் பதில் சிறு மரப்பலகைகளை மீன் செதிள்போல அடுக்குவார்கள். இந்தப் பலகை கெட்டால் மழைநீர் இறங்கும், தடி உளுத்துப் போகும். நம்ம ஊரில் உடைந்த ஓட்டை மாற்றாமல் விட்டால் கழுக்கோல் கெடுமே, அதே கதைதான்!

1947-ல் போலந்து அரசு அங்கிருந்த உக்ரைனிய, லெம்கோ மக்களை ஊரைவிட்டு வெளியேற்றியது. ஆளில்லாமல் பல ஆலயங்கள் சிதைந்தன. குவியாத்தோன் ஊர் ஆலயத்தில் ரோமன் கத்தோலிக்கர் வழிபடத் தொடங்கினர். அது இன்றும் நிற்கிறது.

ஆகவே நண்பர்களே, பழுதுபார்க்க ஆள் இருக்கும்வரைதான் மரக்கட்டடம் நிற்கும். அருமனைப் பக்கம் பழைய மரவீடு இடிபடப்போகிறது என்று கேள்விப்பட்டால், டேப்பும் நோட்டும் எடுத்துக்கொண்டு போவோம். மூத்த ஆசாரிமாரிடம் ஒவ்வொரு கூட்டின் பெயரையும் கேட்டு, அளந்து வரைந்து வைப்போம். டிராயிங் ஹாலில் நாம் படித்தது அதற்கும் உதவட்டுமே!