ஐந்தொகையும் ஸ்தோத்திரமும்

வேதபாடம்
வாசிக்க: ஆபகூக் 3:17-19, 1 சாமுவேல் 7:2-12, 2 இராஜாக்கள் 4:1-7



வருஷக் கடைசியில் நம் சபைகளில் ஸ்தோத்திர ஆராதனை நடக்கும். காணிக்கைக் கவரோடு குடும்பமாய்ப் போவோம். ஆனால் அந்த வருஷம் வியாபாரத்தில் அடிபட்டவருக்கு ஆலயப் படி ஏறுவது எளிதல்ல. சரக்கு தேங்கிக் கிடக்கிறது. வரவேண்டிய பாக்கி வரவில்லை. கட்டவேண்டிய வட்டி மட்டும் தேதி தவறாமல் வந்து நிற்கிறது. 2016 நவம்பர் 8ஆம் தேதி இரவையும் 2020 மார்ச் மாத ஊரடங்கையும் கடை வைத்திருக்கிறவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். "எதற்கென்று நான் நன்றி சொல்லுவேன்?" என்று மனம் கேட்கிறது. வெளியே சொல்லவோ வெட்கம். அந்தக் கேள்வியோடேயே இன்று வேதத்தைத் திறப்போம்.

1. நஷ்டத்தை மறைக்காத நன்றி

ஆபகூக் தீர்க்கதரிசி தன் புத்தகத்தின் முடிவில் ஒரு பட்டியல் எழுதுகிறார். அத்தி, திராட்சை, ஒலிவம், வயல், ஆட்டுக்கிடை, மாட்டுத்தொழுவம் என்று ஒவ்வொன்றாய்ச் சொல்லி, ஒவ்வொன்றிலும் ஒன்றுமில்லை என்கிறார். அந்நாட்களில் ஒரு குடும்பத்தின் முழு ஜீவனமும் இந்த ஆறில் அடங்கிவிடும். இது ஒரு வியாபாரியின் ஐந்தொகையைப்போல் இருக்கிறதல்லவா? எந்த வரியும் விடப்படவில்லை. எந்தத் தொகையும் கூட்டிக் காட்டப்படவில்லை. இவ்வளவையும் எழுதி முடித்த பிறகுதான் அவர் கர்த்தருக்குள் மகிழ்வதாகச் சொல்லுகிறார்.

நன்றி சொல்லுவதென்றால் நஷ்டமே இல்லை என்று நடிப்பதல்ல. பேரேட்டை மூடி வைத்துவிட்டு ஸ்தோத்திரம் சொன்னால் அது உதட்டளவில் நின்றுவிடும். பேரேட்டைத் தேவசமுகத்தில் விரித்து வைத்துச் சொல்லுவதே விசுவாசம்.

2. நிலைமை மாறுமுன்னே வந்த பாட்டு

அமெரிக்காவில் ஜேம்ஸ் காஷ் பென்னி என்றொரு ஜவுளி வியாபாரி இருந்தார். பயிர்த்தொழில் செய்துகொண்டே ஊழியமும் செய்த ஒருவரின் மகன். 1902ஆம் ஆண்டு வயோமிங் மாநிலத்தில், கெம்மரர் என்னும் சுரங்கத் தொழிலாளர் ஊரில் ஒரு சிறு கடை திறந்தார். குடும்பம் கடைக்கு மேலேயே குடியிருந்தது. பிறர் நமக்கு எப்படிச் செய்ய விரும்புகிறோமோ அப்படியே நாம் அவர்களுக்குச் செய்யவேண்டும் என்ற மத்தேயு 7:12இன் கட்டளையை நினைவூட்டும் பெயரைக் கடைக்கு வைத்திருந்தார்கள். 1929க்குள் அந்த ஒரு கடை ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகளாயிற்று.

அதே ஆண்டில் பங்குச் சந்தை சரிந்தது. பென்னி தன் பங்குகளை ஈடு வைத்துப் பெருங்கடன் வாங்கியிருந்தார். தர்ம காரியங்களுக்கும் அந்தப் பணத்தில் செலவு செய்திருந்தார். கம்பெனி நிலைத்தது, அவருடைய சொந்த ஆஸ்தியோ கரைந்துபோயிற்று. தூக்கம் போயிற்று, அக்கி நோய் கண்டது. மிச்சிகன் மாநிலத்தில் பேட்டில் கிரீக் என்னும் ஊரிலுள்ள மருத்துவ இல்லத்தில் சேர்க்கப்பட்டார். ஓர் இரவு, விடியும்வரை உயிரோடிருக்கமாட்டோம் என்று எண்ணி, வீட்டாருக்குக் கடைசிக் கடிதங்களை எழுதி வைத்தார்.

விடிந்தது. அவர் உயிரோடிருந்தார். அங்கிருந்த சிற்றாலயத்திலிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது. தேவன் நம்மைப் பராமரிப்பார் என்னும் பொருளுள்ள பழைய ஞானப்பாட்டு அது. உள்ளே போய் உட்கார்ந்து, பாட்டையும் வேதவாசிப்பையும் ஜெபத்தையும் கேட்டார். அந்த நேரத்தில் இருளிலிருந்து வெளிச்சத்துக்குத் தூக்கி எடுக்கப்பட்டதுபோல் உணர்ந்ததாகப் பின்னாளில் சாட்சி சொன்னார்.

ஒன்றைக் கவனியுங்கள். அன்று காலையில் அவருடைய கடனில் ஒரு காசும் குறையவில்லை. ஆனாலும் தன் கைபலத்தால் எல்லாவற்றையும் கட்டின மனிதன், தன்னைத் தாங்குகிற வேறொரு கை உண்டென்று கண்டுகொண்டார். பிறகு மறுபடியும் வேலைக்குப் போனார். 1971ஆம் ஆண்டில், 95ஆம் வயதில் மரித்தார். அவர் 1926இல் ஓய்வுபெற்ற ஊழியர்களுக்காக ஃபுளோரிடாவில் அமைத்த குடியிருப்பு அவருக்குப் பின்னும் நிலைத்தது.

சூரைச்செடியின்கீழ் சாக விரும்பிப் படுத்த எலியாவுக்கும் கர்த்தர் முதலாவது தூக்கத்தையும் அப்பத்தையும் தண்ணீரையுமே கொடுத்தார். புத்திமதி பிறகுதான் வந்தது. ஆகையால், பிரியமானவர்களே, கடன் கவலையால் உடம்பு உடைந்திருந்தால் வைத்தியரிடம் போவதும், நம்பிக்கையான ஒருவரிடம் மனந்திறந்து பேசுவதும் அவிசுவாசமல்ல. அதுவும் தேவன் அனுப்பும் அப்பமே.

3. தோல்வியின் பெயரே உதவியின் பெயர்

சாமுவேல் கல்லை நாட்டி எபெனேசர் என்று பெயரிட்டதை நாம் அறிவோம். ஆனால் 4ஆம் அதிகாரத்தைத் திருப்பிப் பாருங்கள். இஸ்ரவேலர் தோற்று உடன்படிக்கைப் பெட்டியையும் பறிகொடுத்தபோது, அவர்கள் பாளயமிறங்கியிருந்த இடத்துக்கும் அதே பெயர்தான். தோல்வியை நினைப்பூட்டின பெயரைச் சாமுவேல் உதவிக்கு அடையாளமாக்கினார். நமக்கும் நஷ்டம் வந்த அந்த வருஷத்தையே ஒரு நாள் கல்லாக நாட்ட முடியும்.

4. புதிதாய்த் தொடங்குவது எப்படி?

கடன்காரன் பிள்ளைகளைப் பிடிக்க வந்த விதவைக்கு எலிசா சொன்ன ஒழுங்கு இது: இருப்பதைக் கொண்டுவா, வெட்கப்படாமல் அயலகத்தாரிடம் பாத்திரம் கேள், எண்ணெயை விற்றுக் கடனைத் தீர், மீதியைக்கொண்டு பிழை. அற்புதத்துக்குப் பிறகும் கடன் தீர்க்கும் கடமை நீங்கவில்லை. நன்றியுள்ள மனிதன் கடன் கொடுத்தவரைக் கண்டு தெரு மாறிப் போகமாட்டான். நேரில் போய்த் தவணை கேட்பான். பொறுத்திருந்தவருக்கும், சம்பளம் தாமதித்தபோதும் விட்டுப் போகாத வேலையாளுக்கும், நகையைக் கழற்றிக் கொடுத்த மனைவிக்கும் வாயைத் திறந்து நன்றி சொல்லுவான்.

"போன வருஷம் அனுப்பினதை இந்த வருஷம் அனுப்ப முடியவில்லையே" என்று வருந்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2 கொரிந்தியர் 8:12ஐ வாசியுங்கள். இல்லாததைத் தேவன் நம்மிடத்தில் கேட்கிறதில்லை. கவர் இலேசாயிருந்தாலும் தலைநிமிர்ந்து ஆலயத்துக்கு வாருங்கள்.

சிந்திக்க:

1. இந்த வருஷத்தில் இழந்தவற்றையும் நிலைத்தவற்றையும் ஒரே தாளில் எழுதமுடியுமா?
2. நான் நேரில் போய் நன்றி சொல்லவேண்டியவர் யார்? தவணை கேட்கவேண்டியவர் யார்?
3. நம் சபையில் வியாபாரம் நொடிந்து, வெட்கத்தினால் ஆலயத்துக்கு வராதிருப்பவர் உண்டா? அவர் வீட்டுக்கு யார் போவது?

ஜெபம்: ஆண்டவரே, எங்கள் கணக்கை உமக்கு முன்பாக மறைக்காதிருக்க உதவிசெய்யும். குறைவிலும் உம்மைத் துதிக்கவும், கடனை உண்மையாய்த் தீர்க்கவும், நாளைக் காலையில் மறுபடியும் கடையைத் திறக்கவும் பெலன் தாரும். ஆமென்.