ஊசி வேறு, உத்தரவு வேறு

2021 டிசம்பர் தொடக்கம் ஞாபகம் இருக்கா? கொரோனா தடுப்பூசி ஒரு தவணைகூடப் போடாதவர்களை ஓட்டல், ஷாப்பிங் மால், வணிக நிறுவனங்களுக்குள் அனுமதிக்கக் கூடாது என்று மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்த அனீஷ் சேகர் அறிவித்தார். ஊசி போட்டுக்கொள்ள ஒரு வாரம் அவகாசம். அதற்கு முந்தைய மாதமே, 1939-ம் ஆண்டு பொது சுகாதாரச் சட்டத்தின்கீழ், பொது இடங்களுக்கு வருவோர் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்று மாநிலப் பொது சுகாதார இயக்குநரகமும் சொல்லியிருந்தது. ஆனையூரில் இருந்து டவுனுக்குத் துணி எடுக்கக் கிளம்பினால்கூட, போனில் சான்றிதழ் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டிய நிலை.

அன்றைக்கு உங்கள் வீட்டில் என்ன பேசிக்கொண்டீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். அதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கும். இந்த ஊசி நல்லதா என்பது ஒன்று. போட்டுத்தான் ஆகணும் என்று அரசு சொல்லலாமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு மருத்துவம் பதில் சொல்லும். இரண்டாவதற்கு ஒவ்வொருவரும் சொல்லும் பதில், உத்தரவு போடுகிறவர்மேல் அவருக்கு எவ்வளவு நம்பிக்கை என்பதைப் பொறுத்தது. இரண்டு தவணையும் போட்டுவிட்டு, ‘கட்டாயம் மட்டும் கூடாது’ என்று சொன்னவர்கள் உண்டு. அதில் முரண்பாடு எதுவும் இல்லை.

அமெரிக்காவில் இந்த நம்பிக்கை கட்சி வாரியாகவே பிரிந்தது. ஜனநாயகக் கட்சியினரில் பெரும்பாலோர் கட்டாயத்தை ஆதரித்தார்கள், குடியரசுக் கட்சியினரில் பெரும்பாலோர் எதிர்த்தார்கள். நம் நாட்டிலும் அந்த வாடை அடிக்காமல் இல்லை. 2021 ஜனவரியில் அகிலேஷ் யாதவ், ‘பா.ஜ.க.வின் தடுப்பூசியைப் போட மாட்டேன்’ என்றார். ஜூன் மாதம் போட்டுக்கொள்வதாக அறிவித்தார். தமிழ்நாட்டில் அப்படி நடக்கவில்லை. அன்றைய சுகாதாரத் துறை அமைச்சர் விஜயபாஸ்கர் ஜனவரியிலும், எதிர்க்கட்சித் தலைவராக இருந்த மு.க.ஸ்டாலின் மார்ச்சிலும் ஊசி போட்டுக்கொண்டார்கள். மே மாதம் ஆட்சி மாறியது, ஊசி போடும் பணி நிற்கவில்லை. செப்டம்பர் 12 முதல் மெகா முகாம்களும் தொடங்கின.

அப்படியானால் இங்கே தயக்கம் எங்கிருந்து வந்தது? 2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் எல்லோரும் பார்க்க ஊசி போட்டுக்கொண்டார். 17-ம் தேதி காலை மாரடைப்பில் காலமானார். ஊசியால்தான் என்ற பேச்சு அன்றே வாட்ஸ்அப்பில் ஊர் சுற்றியது. அவர் மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்ற மத்திய நிபுணர் குழுவின் முடிவு வெளியே வந்தது அக்டோபரில். நடுவில் ஆறு மாதம். என்னைக் கேட்டால், கட்டாய உத்தரவுக்கு எதிரான கோபத்தில் பாதி அந்த ஆறு மாத மௌனத்தில் வளர்ந்ததுதான். 2017-ல் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி வந்தபோதும் இதே வாட்ஸ்அப் வதந்தியைப் பார்த்தோமே!

2022 மே 2 அன்று ஜேக்கப் புலியேல் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இந்த இரண்டு கேள்விகளையும் பிரித்தே பார்த்தது. தமிழ்நாடு அரசும் அதில் ஒரு தரப்பு. மத்திய அரசின் தடுப்பூசிக் கொள்கையில் தவறு காணவில்லை. ஆனால் உடல்மேல் உரிமை அவரவருக்கே, யாரையும் வற்புறுத்தி ஊசி போட முடியாது என்றது. பொது நலனுக்காக அரசு கட்டுப்பாடு விதிக்கலாம், அது அளவோடு இருக்க வேண்டும்; அப்போதிருந்த தொற்று நிலவரத்தில் போடாதவர்களுக்கு மட்டும் தடை என்பது பொருந்தாது என்றும் சொன்னது. பக்கவிளைவை மக்களும் தனியார் மருத்துவர்களும் நேரடியாகப் பதிவு செய்ய வழி வேண்டும், தனிப்பட்டவர் விவரம் வெளியாகாமல் அந்த அறிக்கைகள் வெளியிடப்பட வேண்டும் என்பதும் தீர்ப்பில் உண்டு. பலர் கவனிக்காமல் விட்ட பகுதி இது.

அடுத்த முறை தடுப்பூசி பற்றி ஒரு ஃபார்வர்டு வந்தால், குரூப்பில் தள்ளுவதற்கு முன் 104-க்கு போன் போட்டுக் கேளுங்கள். ஊசி போட்ட பிறகு உங்களுக்கோ குழந்தைக்கோ ஏதாவது தொந்தரவு வந்தால், ஊசி போட்ட இடத்திலேயே சொல்லுங்கள். எந்த ஊசி, எந்தத் தேதி என்ற விவரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பதிவு செய்தார்களா என்றும் கேளுங்கள். கேட்கிறது உங்க உரிமை.