டிராக்டரில் டர்போ பொருத்தலாமா?

மழைக்காலத்தில் சென்னையில் தேங்கும் நீரை இறைக்க, டிராக்டரில் இணைத்த பம்புகள் வாடகைக்கு அமர்த்தப்படுவதை அறிவீர்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடுத்த தாழ்வான பகுதியாகிய வேளச்சேரியில், 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது இப்பணிக்கு வந்த ஓர் உழவரின் டிராக்டர் இரண்டாம் நாளே கரும்புகை கக்கி நின்றுவிட்டது. பிரித்துப் பார்த்ததில் ஒரு பிஸ்டன் உருகியிருந்தது. வாடகை போயிற்று, வங்கித் தவணை நின்றது, அடுத்த உழவுக்கு வண்டியும் இல்லை. கூடுதல் திறனுக்காக வெளிக்கடையில் பொருத்திய பழைய கார் டர்போவே அவருக்கு வினையாயிற்று. அதன் காரணத்தை இங்கு காண்போம்.

டர்போ இயங்கும் விதம்

எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையிலுள்ள சக்கரம் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்துகிறது. 1905-இல் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூகி இம்முறைக்குக் காப்புரிமை பெற்றார். காற்று மிகுந்தால் அதிக டீசலை எரிக்கலாம், திறன் கூடும்.

பின் அழுத்தம் என்றால் என்ன?

வாய்க்காலின் கடைமடை அடைபட்டால் தலைமடையில் நீர் ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். புகைக்கும் அதுவே நிகழ்கிறது. போகும் வழி குறுகினால் புகை எஞ்சினுக்குள் தேங்கும். பிஸ்டன் அதை எதிர்த்துத் தள்ளுவதில் திறன் வீணாகும். எஞ்சிய சூடான புகை புதுக்காற்றின் இடத்தை அடைத்துக் கொள்ளும். அத்துடன், டர்போவுக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாடே சக்கரத்தைச் சுழற்றுவதால், பின்பக்கம் அடைபட்டால் டர்போவும் சோர்ந்துவிடும்.

நேர்ந்த பிழைகள்

முதலாவது, டர்போவின் அளவு. கார் எஞ்சினின் அளவும் வேகமும் வேறு, டிராக்டருடையவை வேறு. டர்போ சிறிதானால் புகை அடைபடும். பெரிதானால் குறைந்த வேகத்தில் காற்று ஏறாது.

இரண்டாவது, குழாய். 3 அங்குலக் குழாய் வேண்டிய இடத்தில் 2 அங்குலக் குழாயைப் பொருத்தினால், புகை செல்லும் பரப்பு 9-க்கு 4 பங்காகக் குறைகிறது. அவர் வண்டியில் இதோடு இரண்டு கூரிய வளைவுகளும் பழைய சைலன்சரும் இருந்தன.

மூன்றாவது, டீசல். காற்று போதாத நிலையில் டீசலை மட்டும் கூட்டி வைத்திருந்தனர். உழவில் திருப்பங்களில் எஞ்சினுக்குச் சற்று ஓய்வு கிடைக்கும். இறைப்பிலோ பல மணி நேரம் இடைவிடாத சுமை. அந்த வெப்பத்தைப் பிஸ்டன் தாங்கவில்லை. டர்போவுடனேயே தயாரிக்கப்படும் எஞ்சின்களில் பிஸ்டன், குளிர்விப்பு, டீசல் பம்பு யாவும் அதற்கேற்ப அமைக்கப்படுகின்றன.

கவனிக்க வேண்டியவை

1. டர்போ இல்லாத டிராக்டரில் வெளி டர்போ பொருத்த வேண்டாம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இத்தகைய மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது.

2. டர்போவுடன் வந்த டிராக்டரில் புகைக்குழாயை மாற்ற நேர்ந்தால், பழைய விட்டத்திற்குக் குறையாமலும் வளைவுகள் மிகாமலும் பார்த்துக்கொள்ளவும்.

3. டர்போவிலிருந்து ஆயில் திரும்பும் குழாய் மடிப்பின்றிக் கீழ்நோக்கிச் சரிந்திருக்க வேண்டும்.

4. ஐயமிருந்தால், தேர்ந்த மெக்கானிக்கைக் கொண்டு நீர் நிரப்பிய வளைகுழாயால் பின் அழுத்தத்தை அளந்து பார்க்கவும். நீர்மட்டங்களிடையே 1 மீட்டர் வேறுபாடு, சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 0.1 கிலோ அழுத்தமாகும். கையேட்டில் கண்ட வரம்பை அது மீறக்கூடாது.

5. கடும் வேலைக்குப்பின் எஞ்சினை உடனே நிறுத்தாமல் இரண்டு மூன்று நிமிடம் மெதுவாக ஓடவிடவும்.

6. கரும்புகை தொடர்ந்தால் வேலையை நிறுத்திக் காற்று வடிகட்டியையும் சைலன்சரையும் சோதிக்கவும்.

கூடுதல் திறன் தேவையெனில் அதற்கேற்ற டிராக்டரை வாடகைக்கு அமர்த்துங்கள். அல்லது பம்பின் அளவைக் குறையுங்கள். ஒரு நாள் வேலை தாமதமானாலும், பல ஆண்டு உழைக்கும் எஞ்சின் பிழைக்கும்.