கூண்டும் சட்டமும்

முன்னுரை

கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அடிக்க, தேரேற்றிக் கன்றைக் கொன்ற தன் மகனுக்கே தண்டனை விதித்தான் மனுநீதிச் சோழன் என்று சிறுவயதில் படித்தோம். திருவாரூரில் நடந்ததாகச் சொல்லப்படும் இக்கதையில் நாம் மன்னனின் நீதியைப் போற்றுகிறோம். ஆனால் அந்த மணியின் கயிறு ஒரு பசுவுக்கு எட்டும்படி தொங்கியது என்பதை மறந்துவிடுகிறோம். வாயில்லா ஜீவன்களுக்காக இன்று நம் நாட்டிலும் சட்டம் என்னும் மணி இருக்கிறது. அதன் கயிறு எட்டுகிறதா?

நாங்கள் கண்டது

சென்ற ஆண்டு எங்கள் அறிவியல் ஆசிரியை நாமக்கல் பக்கத்திலுள்ள ஒரு கோழிப்பண்ணைக்கு எங்களை அழைத்துச் சென்றார்கள். நீண்ட கொட்டகையில் கம்பிக் கூண்டுகள் அடுக்கடுக்காக இருந்தன. தரைக்கம்பி சற்றுச் சரிவாக இருப்பதால், இட்ட முட்டை உருண்டு முன்பக்கம் வந்துவிடுகிறது. எச்சம் கீழே விழுவதால் முட்டை அழுக்காவதில்லை. இந்த ஏற்பாட்டைக் கண்டு முதலில் வியந்தோம்.

பிறகு அனுமதி பெற்று ஒரு கூண்டை அளந்தோம். அகலம் 15 அங்குலம், ஆழம் 12 அங்குலம். உள்ளே மூன்று கோழிகள். ஆளுக்கு 60 சதுர அங்குலம், அதாவது ஏறக்குறைய 387 சதுர சென்டிமீட்டர். நாம் எழுதும் ஏ4 தாளின் பரப்பு 624 சதுர சென்டிமீட்டர். தாளில் ஐந்தில் மூன்று பங்குதான் ஒரு கோழியின் உலகம்! 1989ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்த ஓர் ஆய்வு, பழுப்புநிறக் கோழி ஒன்று சும்மா நிற்கவே சராசரியாக 475 சதுர சென்டிமீட்டர் தேவை என்று கண்டது. உடலைத் திருப்ப அதைப்போல் இரண்டரை மடங்கு வேண்டும். நம் பண்ணையின் வெள்ளைக் கோழி சற்றுச் சிறியது என்றாலும், கணக்கு அதிகம் மாறாது.

ஒரு கோழி மற்ற இரண்டின் மேல் ஏறி, கூண்டின் மூலையில் தலையை நுழைத்து நுழைத்துப் பார்த்தது. "என்ன தேடுகிறது?" என்று கேட்டோம். "முட்டையிட மறைவா இடம் தேடுது, கண்ணு" என்றார் அங்கே வேலை செய்த அம்மா.

சட்டம் சொல்வது என்ன?

கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணிதேவி அருண்டேல் அம்மையார் மாநிலங்களவையில் கொண்டுவந்த மசோதாவே வித்தாக, 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. 1962ஆம் ஆண்டு அமைந்த விலங்குகள் நல வாரியத்திற்கும் அவரே முதல் தலைவர். அச்சட்டத்தின் பதினோராவது பிரிவு, விலங்கு ஓரளவு அசைந்து நடமாட இயலாத அளவு சிறிய கூண்டில் அதை அடைத்து வைப்பது குற்றம் என்று தெளிவாகவே கூறுகிறது.

கயிறு ஏன் எட்டவில்லை?

முதலாவதாக, அச்சட்டம் முதற்குற்றத்திற்கு வைத்த அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான். இரண்டாவதாக, போலீசார் தாமாகவே கைது செய்யக்கூடிய குற்றங்களில் கூண்டுக் குற்றம் சேர்க்கப்படவில்லை. மூன்றாவதாக, குற்றம் நடந்து மூன்று மாதம் கடந்தால் வழக்குத் தொடர முடியாது. நான்காவதாக, வாரியம் அறிவுரை கூறலாமே தவிர, தானே தண்டிக்க இயலாது. கோழிகளைப் பட்டினி போட்டு இறகுதிரச் செய்யும் வழக்கத்தை நிறுத்துமாறு 2011ஆம் ஆண்டு அது சுற்றறிக்கை விட்டது. கூண்டுகளை 2017ஆம் ஆண்டுக்குள் ஒழிக்க வேண்டும் என்றும் மாநில அரசுகளுக்கு எழுதியது. அந்த ஆண்டு வந்தது, போனது. கூண்டுகள் போகவில்லை. அதே 2017ஆம் ஆண்டில் சட்ட ஆணையமும் தன் 269ஆவது அறிக்கையில் கோழிகளுக்குத் தனி விதிகள் வேண்டும் என்றது. 2023ஆம் ஆண்டு மத்திய அரசு வெளியிட்ட விதிகள் ஒரு கோழிக்கு 550 சதுர சென்டிமீட்டர் தருகின்றன. முன்னேற்றந்தான், ஆயினும் ஏ4 தாளை எட்டவில்லை. அதையும் அளந்து பார்ப்பவர் வேண்டுமே!

இக்குறை நமக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பிய நாடுகள் 1999ஆம் ஆண்டு சட்டம் இயற்றி, வெறுங்கூண்டுகளை 2012ஆம் ஆண்டு முதல் தடை செய்தன. பன்னிரண்டு ஆண்டு அவகாசம் இருந்தும், நாள் வந்தபோது பதின்மூன்று நாடுகள் ஆயத்தமாக இல்லை. இத்தாலியும் கிரீசும் 2014ஆம் ஆண்டு ஐரோப்பிய நீதிமன்றத்தில் குற்றமுள்ளவை எனத் தீர்ப்புப் பெற்றன. அங்கே சட்டத்தை மீறிய அரசையே கூண்டில் ஏற்ற ஒரு மன்றம் இருந்தது என்பதே வேறுபாடு.

மறுபக்கம்

திரும்பும்போது பேருந்தில் பண்ணைக்காரர்களைக் கொடியவர்கள் என்று பேசிக்கொண்டு வந்தோம். எங்கள் தோழி ஒருத்தி அழுதுவிட்டாள். அவள் தந்தையும் சிறிய பண்ணை வைத்திருக்கிறார். "எங்க அப்பா கெட்டவர் இல்லை. பெரிய கூண்டு போட அவருக்கும் ஆசைதான். ஆனால் பக்கத்துப் பண்ணையில் பழைய கூண்டே இருந்தால், எங்கள் முட்டை மட்டும் விலை கூடும். யார் வாங்குவார்கள்? வங்கிக் கடனை யார் கட்டுவார்கள்?" என்று கேட்டாள். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை.

அன்றுதான் ஓர் உண்மை விளங்கியது. சட்டம் ஏட்டில் உறங்கினால் கோழி மட்டும் துன்புறுவதில்லை. அதற்குப் பணிய நினைக்கும் நல்லவரும் நஷ்டப்படுகிறார். மீறுபவருக்கே லாபம். எல்லாப் பண்ணைக்கும் ஒரே அளவு, ஒரே நாள், ஒரே சோதனை என்றிருந்தால் அவள் தந்தையும் அஞ்ச வேண்டியதில்லை. சத்துணவில் முட்டை உண்ணும் ஏழைக் குழந்தைகளையும் நாம் மறக்கலாகாது. ஆகவே கூண்டை மாற்றும் செலவு பண்ணைக்காரர் தலையில் மட்டும் விழாமல், அரசு குறைந்த வட்டிக் கடன் தந்து உதவ வேண்டும்.

முடிவுரை

அன்புத் தோழியரே! பெற்றோர்களே! சட்டத்தை நடத்த வேண்டியது அரசின் கடமை. நம் கடமையும் ஒன்று உண்டு. கடையில் முட்டை வாங்கும்போது எது மலிவு என்று மட்டும் கேட்கிறோம். இது எப்படி வந்தது என்றும் ஒருமுறை கேட்போம். இடம் விட்டு வளர்த்த கோழியின் முட்டை சற்று விலை கூடினால், முடிந்தவர்கள் மனமுவந்து கொடுப்போம். கோழியால் மணி அடிக்க முடியாது. கயிற்றைப் பிடிக்க நமக்குக் கை இருக்கிறது.