கார் நடுவழியில் நின்றால்: பிரேக்டவுன் கம்பெனியிடம் நியாயம் கேட்பது எப்படி?

லண்டனிலும் மற்ற ஊர்களிலும் கார் ஓட்டுகிற தம்பிமாரே, தங்கச்சிமாரே, இது உங்களுக்காக. பிரேக்டவுன் கவர் எடுத்துவிட்டோம், இனிக் கவலையில்லை என்று இருப்போம். கார் நிற்கிற இரவில்தான் "உங்கள் பொலிசியில் அது இல்லையே" என்று போனில் பதில் வரும். அப்படி அலைக்கழிந்து வந்தவர்களுக்கு முறைப்பாட்டுக் கடிதம் எழுதிக் கொடுத்துப் பழகியவள் நான். காசு திரும்பக் கிடைத்தவர்கள் எல்லாரும், கார் நின்ற இடத்திலேயே நேரத்தையும் பெயரையும் குறித்து வைத்தவர்கள். மற்றவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. காட்டத்தான் கையில் ஒன்றுமில்லை.

1. வாங்கும்போதே கேளுங்கள்: "காரை எங்கே கொண்டுபோய் விடுவீர்கள்?"

சண்டைகளில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. மலிவான பொலிசியில் பெரும்பாலும் வீதியோர உதவி மட்டும்தான் இருக்கும். மெக்கானிக் வந்து திருத்திப் பார்ப்பார். முடியாவிட்டால் பக்கத்துக் கராஜ் ஒன்றில், பல பொலிசிகளில் பத்து மைலுக்குள், விட்டுவிட்டுப் போவார். பர்மிங்ஹாமில் நின்ற கார் ஹரோவுக்கு வர வேண்டுமென்றால் நாடு முழுவதற்குமான ரிக்கவரியும் சேர்ந்திருக்க வேண்டும். வீட்டு வாசலில் ஸ்டார்ட் ஆகாத காருக்கு வேறொரு பகுதி வேண்டும். அது இல்லாதவருக்கு, வீட்டிலிருந்து கால் மைலுக்குள் கார் நின்றால் பல கம்பெனிகள் ஆள் அனுப்பமாட்டா. கார் நின்ற பிறகு அவசரமாக வாங்குவதும் உதவாது. முதல் 24 மணி நேரத்துக்குப் பல பொலிசிகள் வேலை செய்யா.

இவற்றையும் பார்த்து வையுங்கள்:

• கவர் உங்கள் பெயரிலா, காரின் பெயரிலா? காரின் பெயரில் என்றால், அண்ணாவின் காரை நீங்கள் ஓட்டிப்போய் அது நின்றால் உங்கள் கவர் பயன்படாது.
• மினிகேப், உணவு டெலிவரி, பார்சல் வேலை செய்கிறீர்களா? சாதாரணப் பொலிசிகள் பல இந்த வாகனங்களை ஏற்பதில்லை. தொழிலுக்கான கவரைக் கேட்டு எடுங்கள்.
• வான் வைத்திருந்தால் எடை, நீள, அகல வரம்பைப் பாருங்கள். எடை வரம்பு பொதுவாக 3.5 டன்.
• ஸ்பெயார் டயர் இல்லாதது, பெற்றோலுக்குப் பதில் டீசல் அடித்தது, சாவியைத் தொலைத்தது: இவற்றுக்குத் தனி விதி இருக்கும்.
• விபத்து பிரேக்டவுன் ஆகாது. அதற்குக் கார் இன்சூரன்ஸ் கம்பெனியைத்தான் கூப்பிட வேண்டும்.
• பற்றரியை மாற்றச் சொல்லியும் மாற்றாமல் அடுத்த வாரம் அதே பழுதுக்குக் கூப்பிட்டால் மறுக்க அவர்களுக்கு இடமுண்டு. திருத்திய பில்லை வைத்திருங்கள்.

மாதாமாதம் கட்டணம் கட்டும் வங்கிக் கணக்கு இருந்தால் அதையும் பாருங்கள். பிரேக்டவுன் கவர் அதற்குள்ளேயே இருக்கலாம். இரண்டு இடத்தில் காசு கட்டத் தேவையில்லை.

2. கார் நின்றவுடன்

முதலில் உயிர். மோட்டர்வேயில் இடது பக்கக் கதவால் எல்லாரும் இறங்கி, தடுப்புக்கு அப்பால் போய் நில்லுங்கள். எச்சரிக்கை முக்கோணத்தை மோட்டர்வேயில் ஒருபோதும் வைக்கக்கூடாது. ஓரத்தில் 100 மீற்றருக்கு ஒன்றாகச் சிறு கம்பங்கள் நிற்கும். அதில் உள்ள இலக்கத்தைச் சொன்னால் நீங்கள் நிற்கிற இடம் அவர்களுக்குச் சரியாகத் தெரியும்.

பிறகு கம்பெனிக்குப் போன். கார் ஆட்டோமேட்டிக்கா, ஃபோர் வீல் டிரைவா, எலக்ட்ரிக்கா என்று கேட்காமலே சொல்லுங்கள். இவற்றில் பலவற்றைச் சில்லு நிலத்தில் உருள இழுக்கக்கூடாது. முழுக் காரையும் ஏற்றுகிற தட்டை லொறி வர வேண்டும். தவறான லொறி வந்தால் காத்திருப்பு மறுபடி முதலில் இருந்து. எத்தனை பேர், எத்தனை குழந்தைகள், கர்ப்பிணி உண்டா, மருந்து எடுக்க வேண்டியவர் உண்டா என்றும் சொல்லுங்கள். ஆபத்தில் நிற்பவர்களுக்கு முன்னுரிமை தருவது அவர்கள் கடமை. ஆனால் நீங்கள் சொன்னதாகப் பதிவு இருந்தால்தான் பிறகு அதைக் கேட்க முடியும்.

போனை வைக்குமுன் நான்கு விஷயம்: ஜொப் இலக்கம், கதைத்தவர் பெயர், எத்தனை மணிக்கு ஆள் வரும், கார் எங்கே போகும்.

இடைஞ்சலாக நிற்கிற காரை அகற்றப் பொலிசுக்கு அதிகாரம் உண்டு. அதற்குச் சட்டப்படி கட்டணம்: இங்கிலாந்தில் 3.5 டன் வரையிலான, பெரிய சேதமில்லாமல் வீதியில் நேராக நிற்கும் வாகனத்துக்கு 2023 ஏப்ரலில் இருந்து 192 பவுண், வைத்திருக்க ஒவ்வொரு 24 மணி நேரத்துக்கும் 26 பவுண். பெரும்பாலான பிரேக்டவுன் பொலிசிகள் இதைத் திருப்பித் தருவதில்லை. அப்படிக் கார் போனால் மறுநாளே எடுக்கப் பாருங்கள். கம்பெனி சொன்ன நேரத்துக்கு வராததால்தான் பொலிஸ் இழுத்தது என்றால் அதையும் நேரத்தோடு எழுதி வையுங்கள். அது உங்கள் முறைப்பாட்டின் முக்கிய பகுதி.

3. எழுதுங்கள், படம் எடுங்கள்

போனில் உள்ள நோட்ஸில் இப்படி எழுதினால் போதும்:

இரவு 9.40: கார் நின்றது, எம்1, மில்டன் கீன்ஸ் பக்கம்.
9.52: போன் எடுத்தேன். ஜொப் இலக்கம், பெயர் வாங்கினேன். குழந்தைகள் இரண்டு, தட்டை லொறி வேண்டும் என்று சொன்னேன். 11 மணிக்கு வருவோம் என்றார்கள்.
11.15: யாரும் இல்லை. மறுபடி போன். 12.30 என்றார்கள்.
12.50: சிறிய வான் வந்தது. ஏற்ற முடியாது என்று போய்விட்டார்.

கம்பெனியின் அப் காட்டும் நேரம் மாறிக்கொண்டே போகும், பழையது அழிந்துவிடும். ஒவ்வொரு முறையும் ஸ்கிரீன்ஷொட் எடுங்கள்.

லொறி வந்ததும் ஏற்றுமுன் காரின் நான்கு பக்கமும், சில்லுகளும், அடிப்பம்பரும், மைல் கணக்கும் படம். இறக்கிய பிறகும் அதே படங்கள். டிரைவர் நீட்டும் தாளில் காரின் சேதம் பற்றி ஏதாவது எழுதியிருந்தால் வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். புதிய கீறல் இருந்தால் அங்கேயே அந்தத் தாளில் எழுதச் சொல்லுங்கள். "அது வெளி ஆளின் லொறி, அவரிடம் கேளுங்கள்" என்று பிறகு கம்பெனி சொல்லும். ஏற்காதீர்கள். அந்த ஆளை அனுப்பியது உங்கள் கம்பெனி; பதில் சொல்ல வேண்டியதும் அதுவே.

வந்தவர் காசு கேட்டால் கட்டுமுன் கம்பெனிக்குப் போன் செய்யுங்கள். வேறு வழியில்லாமல் கட்டினால் பற்றுச்சீட்டு வாங்கி, 'ஆட்சேபத்தோடு கட்டினேன்' என்று அன்றிரவே கம்பெனிக்கு ஒரு ஈமெயில் போடுங்கள்.

4. டாக்சியோ ஹொட்டலோ எடுக்குமுன்

வாடகைக் கார், ஹொட்டல், ரயில் இவற்றைத் தருகிற பொலிசியில்கூட, கம்பெனி முதலில் சம்மதிக்க வேண்டும் என்று எழுதியிருக்கும். நாங்களாக எடுத்துவிட்டுப் பிறகு பில் அனுப்பினால் அந்த வரியைத்தான் காட்டுவார்கள். ஆகவே கேளுங்கள்: "இரவு ஒரு மணி, குழந்தைகள் குளிரில் நிற்கிறார்கள். நீங்கள் ஒழுங்கு செய்கிறீர்களா, நான் டாக்சி எடுக்கட்டுமா?" பதிலைப் பெயரோடும் நேரத்தோடும் குறியுங்கள். பதிலே வராவிட்டால் நியாயமான செலவில் பாதுகாப்பாக வீட்டுக்குப் போங்கள். எத்தனை முறை கேட்டீர்கள் என்ற பதிவு உங்களுக்காகப் பேசும்.

5. முறைப்பாடு: சுருக்கமாக, காசைச் சொல்லி

போனில் கத்திப் பயனில்லை. தலைப்பில் 'முறைப்பாடு' என்று தெளிவாகப் போட்டு ஈமெயில் அனுப்புங்கள். நான் எழுதிக் கொடுக்கிற அமைப்பு இதுதான்:

"என் பொலிசி இலக்கம் இது, ஜொப் இலக்கம் இது. 9.52க்கு அறிவித்தேன். 11 மணிக்கு வருவதாகச் சொன்னீர்கள். தட்டை லொறி வேண்டும் என்று சொல்லியும் வான் அனுப்பினீர்கள். கார் ஏறியது 3.20க்கு. டாக்சிக்கு இவ்வளவு செலவானது, பற்றுச்சீட்டு இணைத்திருக்கிறேன். அந்தத் தொகையையும், குழந்தைகளோடு பட்ட சிரமத்துக்கு ஈடும் கேட்கிறேன்."

ஒரு சேவையை நியாயமான கவனத்தோடும், நேரம் குறிக்கப்படாவிட்டால் நியாயமான காலத்துக்குள்ளும் செய்ய வேண்டும் என்று 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் சொல்கிறது. அதை ஒரு வரியில் சேருங்கள். கூடவே, உங்களைப் பற்றி அவர்களிடம் உள்ள பதிவுகளையும் போன் ஒலிப்பதிவுகளையும் கேளுங்கள். தகவல் பாதுகாப்புச் சட்டப்படி அது உங்கள் உரிமை. இலவசம், பொதுவாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். "நீங்கள் குழந்தைகள் பற்றிச் சொல்லவேயில்லை" என்று அவர்கள் மறுத்தால் அந்த ஒலிப்பதிவு உண்மையைச் சொல்லும்.

சின்னத் தொகையைக் கொடுத்து 'இதோடு முடிந்தது' என்று சம்மதம் கேட்பார்கள். செலவுக்குக்கூடக் காணாது என்றால் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

6. எட்டு வாரம், ஆறு மாதம்

இறுதிப் பதில் தரக் கம்பெனிக்கு எட்டு வாரம் உண்டு. பதில் திருப்தியில்லை, அல்லது எட்டு வாரமாகியும் பதிலே இல்லை என்றால் ஃபைனான்ஷியல் ஓம்புட்ஸ்மன் என்ற சுயாதீன முறைப்பாட்டு அமைப்பிடம் போகலாம். இறுதிப் பதில் வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். இந்தத் திகதியைத் தவறவிட்டுக் கையைப் பிசைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், கலண்டரில் போடுங்கள். உங்கள் பொலிசி அங்கே போகுமா என்பது பொலிசியின் முறைப்பாட்டுப் பக்கத்தில் இருக்கும்.

ஓம்புட்ஸ்மனுக்கு நீங்கள் ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. கிடைக்கும் காசில் பங்கு கேட்கிற கிளெயிம் கம்பெனியும் வேண்டாம். செலவுக்கு மேலாக, பட்ட சிரமத்துக்கும் ஈடு கொடுக்கச் சொல்ல ஓம்புட்ஸ்மனால் முடியும். ஓரளவு பெரிய ஒரு தவறுக்கு 100 முதல் 300 பவுண் வரை என்பது அவர்களே வெளியிட்ட வழிகாட்டல். இறுதித் தீர்ப்பை நீங்கள் ஏற்றால் கம்பெனி அதற்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும். ஏற்காவிட்டால் நீதிமன்றம் திறந்தே இருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 10,000 பவுண் வரை சிறு வழக்காகப் போடலாம்.

அம்மா அப்பா பெயரில் கவர் இருந்தால் இந்த வார இறுதியில் அவர்கள் பொலிசியை எடுத்து, ரிக்கவரி எதுவரை என்று பாருங்கள். பொலிசி இலக்கத்தையும் அவசர போன் இலக்கத்தையும் அவர்களுடைய போனிலும் காருக்குள் ஒரு தாளிலும் எழுதி வையுங்கள். ஆங்கிலம் தடுமாறுகிறது என்று சும்மா விட்டுவிடுகிற எங்கள் ஆட்கள் நிறையப் பேர். கம்பெனியிடமும் ஓம்புட்ஸ்மனிடமும் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம், பிள்ளைகளைப் பேசவிடலாம், தமிழில் சொல்லி யாரையாவது எழுதச் செய்யலாம். கட்டின காசுக்கு உரிய உதவியைக் கேட்கிறோம். அதில் கூச்சப்பட எதுவுமில்லை.